சிறு மென்பொருள் தொழிலில் இயந்திரமும் மனிதத் தொடர்பும்

(அங்கத்தினர் ஆய்வு வட்டத்திற்கான பாடம்)

பாளையங்கால்வாயில் நீர் தானே ஓடுகிறது. பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியை விட்டுப் பிரிந்து வயல்களை நோக்கிச் செல்லும் அந்நீரை எவரும் குடம் குடமாகச் சுமந்து செல்வதில்லை. ஆயினும், எந்த வயல் காய்கிறது, எந்த வயலில் நீரை வடிக்க வேண்டியிருக்கிறது என்பதை வாய்க்கால் அறியாது. அதனை அறிந்து மடையைத் திறப்பவரும் அடைப்பவரும் மனிதரே. வாய்க்கால் இல்லையேல் அவருடைய உழைப்பு வீணாகும். அவர் இல்லையேல் காரானாலும் பிசானமானாலும் கடைமடை வயலுக்கு நீர் எட்டாது. இம்மாதப் பாடத்தின் கருத்து முழுவதும் இவ்வுவமையில் அடங்கியிருக்கிறது.

ஒரு குறிப்பிட்ட தொழிலாருக்கென்றே மென்பொருள் செய்து விற்கும் சிறு நிறுவனம், வாடிக்கையாளர் பெருகும்போது எந்த வேலைகளை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம், எவற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

1. இஃது நமக்கு எதற்கு?

நெசவாளரும் விவசாயியும் மென்பொருள் தொழிலைப் பற்றி ஏன் கற்க வேண்டும் என்று அன்பர்கள் வினவலாம். காரணங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, நம் சங்கங்களே அத்தொழிலின் வாடிக்கையாளர்களாகிவிட்டன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரூ. 2,516 கோடி மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. அங்கத்தினரின் பங்குத் தொகை, பயிர்க்கடன், நகைக்கடன், உர இருப்பு ஆகிய யாவும் பேரேட்டிலிருந்து திரைக்கு மாறி வருகின்றன. இரண்டாவது, நம் அங்கத்தினரின் மக்கள் பலர் பொறியியலும் கணினியும் பயின்று, சொந்தமாகத் தொழில் தொடங்க எண்ணுகிறார்கள். வாங்குவோரும் நாமே, விற்கப்போவோரும் நம் பிள்ளைகளே என்னும்போது, இத்தொழிலின் நுட்பத்தை அறிந்துகொள்வது நம் கடமையாகிறது.

இதில் பணயமாக நிற்பது யாது என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்வோம். தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. நெசவாளர் சங்கம் ஒன்றில் கூலிப் பட்டியல் அச்சாக மறுக்கிறது. அறுபது நெசவாளர்கள் வாசலில் காத்திருக்கின்றனர். காரியதரிசி மென்பொருள் நிறுவனத்திற்குத் தொலைபேசியில் பேச முயல்கிறார். மறுமுனையில் பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று, ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக என்று சொல்லிக்கொண்டே போகிறது. மனிதர் எவரும் வரவில்லை. அன்று துணியும் பலகாரமும் வாங்க வேண்டிய அறுபது குடும்பங்களுக்கு அந்தக் குரலால் யாது பயன்? இது கற்பனைக் காட்சியே. ஆயினும், நடக்கக் கூடாதது என்று எவரும் சொல்ல இயலாது.

2. தறியிலிருந்து வந்த கருவி

இயந்திரம் என்றவுடன் கைத்தறியாளர் மனத்தில் ஐயம் எழுவது இயல்பு. விசைத்தறியின் வரவால் எத்தனை குடும்பங்கள் தறியை இறக்கி வைத்தன என்பதை நாம் அறிவோம். ஆயினும், கணினியின் முன்னோரில் ஒன்று தறியே என்பதையும் நினைவுகூர வேண்டும். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலையை இயக்கும் கருவியை 1804-ஆம் ஆண்டில் உருவாக்கினார். நம் நெசவாளர் ஜக்காடு என்று வழங்குவது அதனையே. பின்னர் ஆங்கில அறிஞர் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு அதே துளை அட்டை முறையைக் கையாண்டார்.

அக்கருவி எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்று பாருங்கள். பூவேலைக்காகப் பாவின் இழைகளைத் தேர்ந்து இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த உதவியாளின் வேலையை அது ஏற்றுக்கொண்டது. அறுந்த இழையைக் கண்டு முடிபோடும் நெசவாளியின் கண்ணையும் கையையும் அது ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப நிகழ்வது அட்டைக்கு. எதிர்பாராது நிகழ்வது மனிதருக்கு. தறி கற்பிக்கும் இப்பாகுபாடே மென்பொருள் தொழிலுக்கும் பொருந்துகிறது.

3. கணக்கிட்டுப் பார்ப்போம்

பாளையங்கோட்டையில் இளைஞர் இருவர், கைத்தறி நெசவாளர் சங்கங்களுக்கு மட்டுமே பயன்படும் கணக்கு மென்பொருள் ஒன்றைச் செய்து விற்கிறார்கள் என்று கொள்வோம். நூல் இருப்பு, பாவு கொடுத்த விவரம், கூலி, சிக்கன நிதிப் பிடித்தம், விற்பனைத் தள்ளுபடி ஆகியவை அதில் அடங்கும்.

முதலாண்டில் பத்துச் சங்கங்கள் வாங்குகின்றன. ஒவ்வொரு சங்கமும் மாதம் 6 முறை தொலைபேசியில் அழைக்கிறது. ஓர் அழைப்புக்கு 20 நிமிடம் ஆகிறது. ஆக 60 அழைப்புகள், 1,200 நிமிடங்கள், அதாவது 20 மணி நேரம். இது சுமையன்று. இருவரும் எல்லாக் காரியதரிசிகளின் பெயரையும் அறிவர். எந்தச் சங்கத்தில் எந்தப் பேரேடு குழப்பம் தரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சங்கங்கள் நூறாகின்றன. இப்போது 600 அழைப்புகள், 200 மணி நேரம். நாளொன்றுக்கு 8 மணி வீதம் மாதம் 25 நாள் உழைக்கும் ஒருவரின் முழு நேரமும் இதுவேயாகும். சங்கங்கள் இருநூறானால் இருவரின் நேரமும் தொலைபேசியிலேயே கழிந்துவிடும். மென்பொருளில் உள்ள பிழையைத் திருத்த எவருக்கும் நேரமிராது. பிழை திருத்தப்படாமையால் அழைப்பு மேலும் பெருகும். அன்பு மிகுந்த நிறுவனம் அன்பினாலேயே மூழ்கிப்போகும் நிலை இது. ஆதலின், எல்லாவற்றையும் மனிதரே செய்ய வேண்டும் என்பது நல்லெண்ணமே ஆயினும் நடைமுறைக்கு ஒவ்வாது.

இனி, அந்த இருவரும் ஒரு மாதம் முழுவதும் ஒவ்வோர் அழைப்பையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வகைப்படுத்துகிறார்கள். கடவுச்சொல் மறந்தது, அச்சு வராதது, நகல் எடுத்து வைப்பது போன்றவை 240. ஒன்றை எவ்வாறு செய்வது என்று கேட்டவை 180. தவறாகப் பதிந்ததைத் திருத்தக் கேட்டவை 120. கூலி நிற்பது, தணிக்கையில் வித்தியாசம் வருவது போன்ற மெய்யான இக்கட்டுகள் 60.

முதல் வகை முழுவதையும் இயந்திரமே தீர்க்குமாறு செய்யலாம். இரண்டாம் வகையில் பாதியைத் தெளிவான தமிழ்க் கையேடும் சிறு படக்காட்சிகளும் தீர்க்கும். எஞ்சுவன 90, 120, 60 ஆக 270 அழைப்புகள். 90 மணி நேரம். மாதம் 110 மணி நேரம் மீதமாயிற்று.

இனி எழும் வினாவே இப்பாடத்தின் உயிர்நிலை: அந்த 110 மணி நேரம் எங்கே போகிறது?

4. மீந்த நேரமும் நிகர லாபமே

சங்கத்தில் நிகர லாபம் வந்தால், அதனைத் தலைவர் ஒருவர் தம் விருப்பப்படி எடுத்துக்கொள்வதில்லை. சேமநிதிக்கு இவ்வளவு, கல்வி நிதிக்கு இவ்வளவு, அங்கத்தினருக்கு ஈவு இவ்வளவு என்று விதிப்படி பங்கிடுகிறோம். இயந்திரத்தால் மீந்த நேரத்தையும் அவ்வாறே முன்கூட்டிப் பங்கிட்டு வைக்க வேண்டும். இல்லையேல் அது புதிய வாடிக்கையாளரைத் தேடி அலைவதிலேயே கரைந்துவிடும். பழைய வாடிக்கையாளருக்கு இயந்திரக் குரல் ஒன்றே மிஞ்சும்.

நம் உதாரணத்தில் இவ்வாறு பங்கிடலாம். மெய்யான இக்கட்டுகள் அறுபதுக்கும் 20 நிமிடத்திற்குப் பதில் 40 நிமிடம் ஒதுக்கினால் மேலும் 20 மணி நேரம் ஆகும். மாதம் 5 சங்கங்களுக்கு நேரில் சென்று ஒரு நாள் முழுவதும் அமர்ந்து பார்த்தால் 40 மணி நேரம். எஞ்சிய 50 மணி நேரம் பிழை திருத்தத்திற்கு. இம்முறையில் 20 மாதங்களுக்குள் நூறு சங்கங்களையும் ஒருமுறை நேரில் கண்டுவிடலாம். வீரவநல்லூர்ச் சங்கத்தில் அமர்ந்து பார்த்தால்தான், கணக்கர் ஏன் ஒரே தொகையை இரு முறை பதிகிறார் என்பது விளங்கும். தொலைபேசியில் அது விளங்காது.

மற்றொன்றையும் மறத்தலாகாது. இயந்திரம் தீர்த்து வைத்த வினாக்களையும் எண்ணி வர வேண்டும். பாவு நூலைப் பதிய வேண்டிய இடத்தில் பலர் ஊடை நூலைப் பதிகிறார்கள் என்றால், குற்றம் பதிந்தவர்மீது அன்று, திரையின் அமைப்பின்மீதுதான். ஒவ்வோர் அழைப்பும் கட்டணமின்றிக் கிடைக்கும் பாடம். இயந்திரம் வினாவை விழுங்கிவிட்டு நிறுவனத்தாருக்குச் சொல்லாமல் இருந்தால், அப்பாடம் இழக்கப்படும்.

5. மூன்று சோதனைகள்

எந்த வேலையை இயந்திரத்திடம் விடலாம் என்பதற்கு மூன்று வினாக்கள் போதும்.

ஒன்று: கேட்போர் யாராயினும் விடை ஒன்றுதானா?
இரண்டு: விடை தவறினால், எளிதில் திருத்திக்கொள்ள இயலுமா?
மூன்று: எவருடைய கூலியும் கடனும் மானமும் அதில் சிக்காதிருக்கின்றனவா?

மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் தயங்காமல் இயந்திரத்திடம் விடலாம். கடவுச்சொல் மாற்றுவது, ரசீது அனுப்புவது, சந்தா முடியும் நாளை நினைவூட்டுவது, நாள்தோறும் இரவில் கணக்கை நகல் எடுத்து வைப்பது முதலியன இவ்வகை. இவற்றுக்கு மனிதரை வைப்பது அன்பாகாது, நேரத்தை வீணாக்குவதேயாகும். நள்ளிரவில் நகல் எடுக்க மறக்காதிருப்பதில் இயந்திரம் மனிதரினும் மேலானது.

மூன்றில் ஒன்று தவறினும் மனிதர் வேண்டும். பாவில் ஓர் எண் நூலும் ஊடையில் வேறோர் எண் நூலும் இட்டு, பாதியில் நின்றுபோன துணிக்குக் கூலியை எவ்வாறு பதிவது என்பது சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். முதற் சோதனையில் தவறுகிறது. சென்ற ஆண்டின் கணக்கை நீக்குவது, நீக்கியபின் மீளாது. இரண்டாம் சோதனையில் தவறுகிறது. கைம்பெண் ஒருவருக்குக் கணவரின் பங்குத் தொகை ஏன் இன்னும் வரவில்லை என்ற வினா மூன்றாம் சோதனையில் தவறுகிறது. விலையை உயர்த்துவது, ஒரு வசதியை நிறுத்துவது போன்ற கசப்பான செய்திகளையும் மனிதரே நேரில் அல்லது தொலைபேசியில் சொல்வது முறை. புதிதாகச் சேர்ந்த சங்கத்திற்கு முதல் மாதம் கற்பிப்பதும் அவ்வாறே. முதல் மாதத்தில் கற்பித்தவரின் பெயர் பிற்காலத்தில் ஐயம் எழும்போது நினைவுக்கு வரும். கையேட்டின் பெயர் வராது.

6. உலகோர் கற்ற பாடம்

1966-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், எலிசா என்ற உரையாடும் நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். பேசுவோர் சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்கும் எளிய கருவி அது. ஆயினும், அதன் அமைப்பை அறிந்த தம் செயலாளரே அதனுடன் தனித்துப் பேச வேண்டுமென்று தம்மை அறையை விட்டு வெளியேறச் சொன்னதைக் கண்டு அவர் திடுக்கிட்டார். மனிதர் இயந்திரத்தையும் மனிதராகக் கருதி எளிதில் நம்பிவிடுவர் என்பது அன்றே புலனாயிற்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், தமிழிலும் சரளமாக விடை எழுதும் கருவிகள் பெருகியுள்ளன. சரளம் வேறு, சரி வேறு. தவற்றையும் அவை உறுதியான நடையிலேயே சொல்லக்கூடும்.

கனடா நாட்டு விமான நிறுவனமான ஏர் கனடாவின் இணையதளத்தில் இருந்த உரையாடும் இயந்திரம், பாட்டியார் இறந்த துயரில் பயணம் செய்ய வேண்டியிருந்த ஒருவருக்கு, கட்டணச் சலுகையைப் பயணத்திற்குப் பின்னரும் கோரலாம் என்று தவறாகத் தெரிவித்தது. நிறுவனம் பின்னர்ச் சலுகையை மறுத்தது. தன் சொல்லுக்கு அந்த இயந்திரமே பொறுப்பு என்ற பாங்கிலும் வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அவ்வாதத்தைத் தள்ளி, இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டது. இயந்திரம் சொன்ன சொல் முதலாளி சொன்ன சொல்லே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சுவீடன் நாட்டைச் சேர்ந்த கிளார்னா என்ற நிதி நிறுவனம், தன் இயந்திர உதவியாளர் 700 பணியாளரின் வேலையைச் செய்கிறது என்று 2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பெருமையுடன் அறிவித்தது. 2025-ஆம் ஆண்டிலோ, விரும்பும் வாடிக்கையாளர் மனிதருடன் பேச எப்போதும் வழியிருக்க வேண்டும் என்று கூறி, அப்பணிக்கு மீண்டும் ஆட்களைச் சேர்க்க முற்பட்டது. எளிய வினாக்களுக்கு இயந்திரம் தொடர்ந்து விடை தருகிறது. மூடிய கதவு மட்டும் திறக்கப்பட்டது.

7. நம் வட்டாரச் சான்று

அயல்நாடு வரை போவானேன்? பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்குச் சென்று, அதனருகே மத்தளம்பாறையைப் பாருங்கள். 1996-ஆம் ஆண்டில் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், தொலைத்தொடர்புச் சாதனம் செய்வோருக்கான மென்பொருள் என்னும் குறுகிய துறையில்தான் காலூன்றியது. அடுத்த சில ஆண்டுகளில் அத்துறை சரிந்தபோது தானும் தளர்ந்தது. பின்னர்ப் பிற தொழில்களுக்கான மென்பொருள்களுக்கு விரிந்தது. 2009-இல் ஜோஹோ எனப் பெயர் மாறிற்று. 2011-இல் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அன்று அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டு நவம்பரில்தான் தென்காசி தனி மாவட்டமாயிற்று. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளைப் பட்டம் கேளாமல் சேர்த்துப் பயிற்றுவிக்கும் பள்ளியையும் இந்நிறுவனம் நடத்துகிறது. தன் பயனர் தொகை 10 கோடியைத் தாண்டியதாக 2023-இல் அது அறிவித்தது.

இருவர் நடத்தும் தொழில் இதன் அளவைப் பின்பற்ற இயலாது. பின்பற்றத்தக்கவை இரண்டு. முதலாவது, வெளியார் மூலதனத்தை நாடாமல் அது தன் வருவாயைக் கொண்டே வளர்ந்தது. பிறர் பணத்தைப் பெற்றவர் அவர் கேட்கும் வேகத்தில் வளர வேண்டும். வேகத்திற்கு ஈடுகொடுக்க, பக்குவமாகாத இயந்திரத்தையும் வாசலில் நிறுத்த நேரும். தன் காலில் நடப்பவரே தன் நடையின் வேகத்தைத் தீர்மானிக்க முடியும். பங்குத் தொகையைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வளர்ந்த கூட்டுறவாளருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. இரண்டாவது, ஆளைப் பயிற்றுவிப்பதைச் செலவு என்று கருதாமல் முதலீடாகக் கருதியது.

டேலி என்ற கணக்கு மென்பொருளின் வரலாறும் நினைவில் கொள்ளத்தக்கது. துணி ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிப் பாகமும் வழங்கிவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமையால், கணிதம் பயின்ற தம் மகன் பாரத் கோயங்காவைக் கொண்டு அதனை எழுதச் செய்தார். 1986-இல் பெங்களூரில் தொடங்கிய அத்தொழில், ஊர்தோறும் இருந்த விற்பனைப் பங்காளர் வாயிலாகப் பரவியது. கருவி ஒன்றே, ஆயினும், கடைக்கு வந்து அதனைக் கற்றுத்தந்தவர் அந்தந்த ஊர்க்காரர்.

8. சங்கம் வாங்கும்போது கேட்க வேண்டியவை

மென்பொருள் வாங்கும் நிர்வாகக் குழுவினர் விலையை மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடலாகாது. பின்வருவனவற்றை எழுத்து மூலம் பெற வேண்டும்.

கூலி அல்லது கடன் பட்டுவாடா நிற்கும்போது, எத்தனை மணி நேரத்திற்குள் மனிதர் ஒருவர் பேசுவார்? அவர் தமிழில் பேசுவாரா? விடையளிப்பது இயந்திரமாயின், அது இயந்திரம் என்பதைத் தெளிவாக அறிவிக்குமா? அது தந்த தவறான விடைக்கு நிறுவனம் பொறுப்பேற்குமா? நாளை நாம் விலக நேர்ந்தால், நம் கணக்கு முழுவதையும் படிக்கத்தக்க வடிவில் திருப்பித் தருமா?

கடமை ஒருதலையன்று. சங்கத்தாரும் கையேட்டைப் படித்த பின்னரே அழைக்க வேண்டும். கடவுச்சொல்லை மறந்ததற்கெல்லாம் மனிதரைத் தேடினால், இக்கட்டில் உள்ள மற்றொரு சங்கத்தின் நேரத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம் என்று பொருள். மேல்மடைக்காரர் தேவைக்கு மேல் நீரை வாங்கினால் கடைமடை காயும் அன்றோ?

முடிவுரை

இயந்திரம் பகையன்று, மனிதருக்கு மாற்றும் அன்று. திரும்பத் திரும்ப வருவதை அதனிடம் விடுக; அதனால் மீந்த நேரத்தை அங்கத்தினருக்கே திருப்பித் தருக; இக்கட்டில் உள்ளவர் மனிதரை அடையும் வழியை ஒருபோதும் அடைக்காதிருக்க. இம்மூன்றையும் கைக்கொள்ளும் தொழில் வளர்ந்தாலும் தன் வாடிக்கையாளரை இழக்காது. வாய்க்காலை அகலமாக வெட்டுவோம். மடையருகே ஆள் நிற்கட்டும்.

ஆய்வு வட்டத்தில் கலந்துரையாட வினாக்கள்

1. நம் சங்க அலுவலகத்தில் சென்ற மாதம் அங்கத்தினர் கேட்ட வினாக்களை வகைப்படுத்துக. மூன்று சோதனைகளிலும் தேறுவன எவை?
2. கணினி வந்தபின் நம் காரியதரிசிக்கு மீந்த நேரம் எவ்வளவு? அஃது எதற்குச் செலவாகிறது?
3. தீபாவளிக்கு முன் கூலிப் பட்டியல் நின்றால், நம் சங்கம் யாரை அழைக்கும்? அவர் பெயர் இங்குள்ள எத்தனை பேருக்குத் தெரியும்?